எதிர்வீட்டின் பிபி நம்பர்

எங்கள் தெருவில் முதன்முதலாக டெலிபோன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அதைச் சொல்லிக்கொண்டு அன்றைக்கு எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தால் இன்றைக்குக் கூசுகிறது. அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் என் கணவர் மரக்கடை வைத்திருந்தார். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து தடி வரும், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள். கடைக்குப் போன் வேண்டும் என்று எழுதிப் போட்டவர், கடையில் வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மாட்ட வந்த லைன்மேன் அன்றே சொல்லிவிட்டுத்தான் போனார். இந்தக் கறுப்புப் போனும் வயரும் சர்க்கார் சொத்து, பேசுகிற உரிமை மட்டும்தான் நமக்கு. ஒரு திருகாணியைக்கூட நாமாகத் தொடக்கூடாது, வேறு எந்தக் கருவியையும் இதோடு சேர்க்கக்கூடாது, கண்டுபிடித்தால் லைனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வயர் தரையில் படாமல் சுவரோடு ஆணியடித்து ஏற்றியிருப்பதும் காரணத்தோடுதான், அதை இறக்கிவிடாதீர்கள் என்றும் சொன்னார். என் கணவர் விலை படியாத வாடிக்கையாளருக்கு ஆட்டுவது மாதிரித் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

போன் வந்த மறுவாரமே தெரு முழுக்க எங்கள் நம்பரை எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நம்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'பிபி' என்று போட்டுக்கொள்வார்கள். பிபி என்றால் அது அவர்கள் வீட்டுப் போன் இல்லை, அக்கம்பக்கத்துப் போன், கூப்பிட்டால் போய் அழைத்து வருவார்கள் என்று அர்த்தம். ஓடிப்போய் அழைத்து வருவது என் வேலை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது கோடி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். எனக்கு அதில் சந்தோஷம்தான். என் மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. பிபி என்றால் என்ன என்று அவரிடம் யாரோ கேட்டதற்கு, "பிச்சைப் பேச்சு, வேற என்ன" என்றாராம். இதை எனக்குச் சொன்னது எதிர்வீட்டு அக்கா. சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியார். தெருவே அவரைச் 'சார்' என்று சொல்லும். கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில் சாரும், பின்னால் அக்காவும், பிள்ளைகள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். கல்யாணமாகி வாசுதேவநல்லூரிலிருந்து வந்து, யாரையும் தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, முதலில் என்னிடம் வந்து பேசியது அவள்தான்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. கொழும்பில் வியாபாரம் செய்யும் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி, குளிக்க என்று வந்து எங்கள் வீட்டில் தங்கினான். காலையில் அருவிக்குப் போவான், மத்தியானம் வந்து சாப்பிட்டுத் தூங்குவான். போகிற அன்றைக்குப் பெட்டியிலிருந்து ஒரு டெலிபோனை எடுத்து வைத்தான். யானைத் தந்த நிறம். வழவழவென்று, முகப்பில் எண் சுழற்றுகிற வட்டத்தோடு. கறுப்புப் போனெல்லாம் ஆபீசுக்கு அண்ணாச்சி, வீட்டுக்கு இதுதான் அழகு என்றான். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊரில் எண்ணைச் சுழற்றுகிற வசதியே கிடையாது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெண் குரல் கொடுப்பாள், அவளிடம் நம்பரைச் சொல்ல வேண்டும். அந்த வட்டத்தால் ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லை. ஆனாலும் என் கணவர் யாராவது பார்க்க வந்திருந்தால் அதைச் சும்மா ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அங்கே அந்தப் பெண் கடகடவென்று என்ன சத்தம் என்று கேட்பாளாம். இவர் இங்கே மழை என்பாராம்.

மாட்டிக் கொடுத்தது ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர். சர்க்கார் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, நுனியைச் சீவி, கொழும்புப் போனின் வயரோடு முறுக்கி, மேலே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றினார். அந்த முடிச்சு தரையிலேயே கிடந்தது. கறுப்புப் போன் அரிசி அறையில் சாக்குக்கு அடியில் போயிற்று. லைன்மேன் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். பொம்பளைக்கு இதுல என்ன தெரியும் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், தோளில் கிடக்கிற துண்டு போன் மேலே விழும். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவருக்கு விழுந்தது, தபால்காரருக்கு விழுந்தது. சொந்த வீட்டில் இருந்துகொண்டு இப்படித் திருட்டு முழி முழிப்பானேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அதுவும் பழகி, சிரிப்பாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

புரட்டாசி பிறந்தபோது சாருக்கு வயிற்றில் புண் முற்றிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று சொன்னார்கள். அக்காவால் கூடப் போக முடியவில்லை. மகள் பேறுகாலத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்தாள். மருமகன் வடக்கே எங்கோ வேலையில் இருந்தான். பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன்தான் அப்பாவோடு போனான். ஏதாவது என்றால் எங்கள் நம்பருக்குக் கூப்பிடுவான், உடனே மகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா பஸ் ஏறிவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஆபரேஷன் முடிந்த அன்று அவன் கூப்பிட்டான். அக்காவே வந்து பேசினாள். அப்பா கண் முழித்துவிட்டார், தண்ணீர் கேட்கிறார் என்றானாம். ரிசீவரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு காலையிலும் சாயங்காலமும் வந்து எங்கள் கூடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. விடியற்காலையிலேயே என் மாமியார் கூடத்தைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கடையிலிருந்து வந்த ரம்பம், உளி, இழைப்புளி, அளவு நாடா, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கினார். இந்தப் போனும் தொழில் கருவிதானே என்று அதையும் முக்காலியோடு தூக்கிப் பூஜை மூலைக்குக் கொண்டுவந்தார். வயர் ஈரத் தரையில் குறுக்கே நீண்டு கிடந்தது. அதன் மேலேயே மாக்கோலம் போட்டார். சந்தனத்தைக் குழைத்துக் காதில் வைக்கிற பக்கம் ஒன்று, வாய்ப் பக்கம் ஒன்று, அந்த வட்டத்துக்கு நடுவில் ஒன்று என்று வைத்துக் குங்குமமும் வைத்தார். மேலே கதம்பம் சுற்றினார். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுத்துப் புழங்கக்கூடாது, ஆனால் மணி அடித்தால் மட்டும் எடுக்கலாம் என்று அவரே விலக்குக் கொடுத்தார்.

அன்று காலை அக்கா வந்தாள். போனைப் பார்த்துச் சிரித்தாள். மணி அடித்ததா என்று கேட்டாள். நான், "அடிக்கலக்கா. அடிக்கலன்னா சார் நல்லாருக்காவன்னுதான அர்த்தம்? நீங்க நிம்மதியாப் போய்ப் பிள்ளையக் குளிப்பாட்டுங்க" என்றேன். ஒவ்வொரு வருஷமும் படைப்பதற்கு முன்னால் அவர்களுக்கென்று சுண்டலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அதைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலமும் வந்தாள். அதே கேள்வி, அதே பதில். மகனுக்கு இந்த இரண்டு நாளில் ஒரு தரம் கூப்பிட்டால் என்ன என்று லேசாகக் குறைப்பட்டாள். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும் என்று நான் சமாதானம் சொன்னேன். இரண்டு தடவையும் என் கணவர் அதே கூடத்தில், சாய்வு நாற்காலியில், பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் போல ஒரு வேன் தெருவுக்குள் வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. அக்கா குழந்தைத் துணிகளைப் பிழிந்த கையோடு வெளியே வந்தாள். யார் வீட்டுக்கு என்று டிரைவரிடம் கேட்டாள். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மகன் இறங்கினான். அவளுக்கு வந்த முதல் தகவல் அதுதான்.

நான் ஓடினேன். அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். மகள் கட்டிலை விட்டு இறங்கி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அழுகைக்கு நடுவில் மகன் எதையோ முனகிக்கொண்டே இருந்தான். போன், போன் என்று மட்டும் எனக்குக் கேட்டது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தேன். பூஜை கலைத்தாகிவிட்டது, போன் மட்டும் பூவோடு அங்கேயே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. சந்தனம்தான் காதில் ஒட்டியது.

பின்னால் என் கணவர் நின்றார். துக்க வீட்டுக்குப் போக வேட்டி மாற்றியிருந்தார்.

"லைன் நேத்துக் காலைலயே செத்துட்டு" என்றார்.

செங்கோட்டைக்குப் பேசலாம் என்று முந்தின நாள் காலையில் மாமியார் காணாதபோது எடுத்துப் பார்த்திருக்கிறார். வயர் முடிச்சுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று அப்போதே புரிந்திருக்கிறது. லைன் சரியில்லை என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் அனுப்பினால் லைன்மேன் வருவான். வந்தால் கொழும்புப் போனைப் பார்ப்பான். அதைக் கழற்றலாம் என்றால் பூஜை நாள், ரிப்பேர்காரரும் வரமாட்டார், அம்மாவும் விடமாட்டார். "ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்" என்றார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைத் தூக்கி அவர் காலடியில் போட்டிருப்பேன். ஆனால் ஆத்திரத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நான் அவளை நிம்மதியாகப் போகச் சொன்னதை, இந்த மனுஷன் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இந்த மனுஷனோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன் என்று நினைத்தபோது உடம்பே குறுகிப்போயிற்று.

இரண்டு பேரும் எதிர்வீட்டுக்குப் போனோம். என் மாமியாரும் வந்து வாசல்படியில் நின்றார். ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், என் கணவரும் போய் உட்கார்ந்தார். நடுக்கூடத்தில் சாரைக் கிடத்தியிருந்தார்கள். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் அப்போது கொஞ்சம் தெளிந்திருந்தான். முந்தின நாள் விடிந்ததும் சாருக்குத் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் சொல்லிவிடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவன் ட்ரங்க் கால் போட்டுவிட்டுப் போனுக்கும் கட்டிலுக்கும் அலைந்திருக்கிறான். இப்போது கிடைத்துவிடும், இப்போது கிடைத்துவிடும் என்று தந்தி கொடுக்கவும் தோன்றவில்லை. சாயங்காலம் வரைக்கும் சாருக்கு நினைவு இருந்திருக்கிறது. அம்மா வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"போனை எடுத்துக் கீழ வச்சிருக்காவன்னு எக்ஸ்சேஞ்சுல சொன்னாவம்மா. எத்தனை தடவ போட்டாலும் அதையேதான் சொன்னாவ. நீ அங்கன போகவே இல்லையா?"

"போனேன்லே. ரெண்டு வேளையும் போனேன். மணி அடிக்கல" என்றாள் அக்கா. பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பியதை அவளும் பார்த்திருக்க வேண்டும். "அவுக போனை எடுத்து வைக்கிற ஆளு இல்லலே. அப்படிப் பேசாத. நல்லவுக" என்றாள்.

நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"எடுத்து வைக்கல தம்பி" என்றேன். "லைன் செத்துக் கெடந்திருக்கு. நேத்துக் காலைலருந்தே."

"தெரியுமா சித்தி?"

"எங்க வீட்ல தெரியும்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் 'எங்க வீட்ல' என்று சொன்னால் அது அவள் கணவர். பெயரைச் சொல்ல முடியாது, அத்தனை பேர் நடுவில் விரல் நீட்டிக் காட்டவும் முடியாது. வாயில் வந்த வார்த்தை அதுதான். ஆனால் வீட்டில் என்றால் வீட்டில் இருக்கிற எல்லோரும்தானே. அக்கா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். உனக்குமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் கையிலிருந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியாது அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நடுவில் சார் கிடக்கிறார், நான் என்னை மட்டும் கழுவிக்கொண்டு எழுந்திருப்பதா என்று இருந்தது. நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. பிறகு சொல்லலாம் என்று விட்டதுதான். அன்றைக்கு விட்டதை மறுநாள் சொல்ல முடியவில்லை, அடுத்த வாரம் இன்னும் முடியவில்லை. கல்லறைக்குப் பெட்டி தூக்கியவர்களில் என் கணவரும் ஒருவர். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பெரிய கேவலம். ரிப்பேர்காரர் வந்து கொழும்புப் போனைக் கழற்றினார். கறுப்புப் போன் சாக்குக்கு அடியிலிருந்து மறுபடியும் கூடத்துக்கு வந்தது. அதன் பிறகு சொல்லி அனுப்பி லைன்மேன் வந்தார். வயரில் ஈரம் பட்டிருக்கிறது, அதனால்தான் ரிசீவரை எடுத்து வைத்தது மாதிரி எக்ஸ்சேஞ்சில் தெரிந்திருக்கிறது, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்டி, சுவரில் பழையபடி ஆணியடித்து ஏற்றினார். என் மாமியார் மோர் கொடுத்தார், குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் போன் ஒரு நாள்கூடப் பழுதானதில்லை.

அக்கா அதற்குப் பிறகு போன் பேச வேண்டுமென்றால் தபாலாபீசுக்குப் போனாள். மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்துதான் போவாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பமாட்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். வழியில் தெரிந்த யாரையும் கேட்பதுபோல் கேட்பாள். வீட்டிலேயே வந்து பேசச் சொல்லு என்று என் கணவர் என்னிடம் சொல்லிப் பார்த்தார். நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவர் போகவில்லை.

பிறகு ஒரு நாள் மணி அடித்தது. பம்பாயிலிருந்து ட்ரங்க் கால், பிபி என்றாள் எக்ஸ்சேஞ்சுப் பெண். பேச வேண்டிய பார்ட்டி என்று அவள் சொன்னது அக்காவின் பெயரை. அங்கே அவளுடைய தங்கை ஒருத்தி இருந்தாள். சாவுக்கு வர முடியாதவள், அவளிடம் பழைய நம்பர்தான் இருந்திருக்கிறது. லைனைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வாசலுக்கு ஓடுகிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. இன்றைக்கு வருவாள், பேசி முடித்ததும் கூடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தெருவைக் கடக்கிற நேரத்துக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பேரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பம்பாய்த் தங்கச்சி லைன்ல இருக்காக்கா, சீக்கிரம் வாங்க என்றேன். அவள் கண் ஒரு நிமிஷம் கலங்கியது. ஒரு காலைப் படியில் வைக்கக்கூடச் செய்தாள். பிறகு காலை எடுத்துவிட்டாள்.

"லைன் வேலை செய்யலன்னு சொல்லிரு" என்றாள். குரலில் கோபமே இல்லை.

திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன். பார்ட்டி வந்தாச்சா என்று கேட்டாள் அந்தப் பெண். லைன் வேலை செய்யவில்லையாம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "வேலை செய்யாத லைன்லயாம்மா இவ்வளவு தெளிவாப் பேசுதீங்க?" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால், அக்கா, அக்கா, நான்தான் பேசுறேன் என்று தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பம்பாய்க்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரு இரைச்சல்கூட இல்லை.